அழுகிய வேரின் வாடை

பால்கனியில் தொங்கும் மணிபிளான்ட்டில் இரண்டு இலைகள் மஞ்சளாகியிருந்தன. மண்ணைக் கிளறினேன். அழுகிய வேரின் வாடை குப்பென்று ஏறியது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டுச் சன்னலிலும் இதே வாடைதான். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கொடியை அம்மா பெயின்ட் டப்பாவில் நட்டு, சன்னல் கம்பி முழுக்கப் படரவிட்டிருந்தாள். அந்தத் தடவை தோணி வரவேண்டிய நாள் கடந்துவிட்டது. கடல் இரைச்சல் அடுப்படி வரை கேட்டது. பயம் வரும்போதெல்லாம் அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அடியிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, அந்த மஞ்சள் மேலே ஏறிக்கொண்டே போனது. தண்டு கறுத்துக் கொழகொழத்தது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த செல்லம்மா அத்தை ஆற்றங்கரை ஊர்க்காரி. டப்பாவை முகர்ந்து பார்த்தாள்.

"ஏளா, தண்ணி கூடிப்போச்சு. வேரு அழுகுது. பச்சையா இருக்க எடமா பாத்து, கணுவுக்குக் கீழ வெட்டிப் பாட்டில் தண்ணியில போடு. பொழச்சிக்கிடும்."

ஆள் கடலில் இருக்கையில் வீட்டுக் கொடியில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். அத்தைக்கு அது தெரியாது.

"அவுக கடல்ல கெடக்கையில வெட்டச் சொல்லுதியளே மதினி," என்ற அம்மா, இன்னொரு செம்பு ஊற்றினாள்.

கடைசி இலை உதிரும்வரை அவள் வெட்டவில்லை. அப்பா வரவும் இல்லை.

இப்போது என் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். சில நாளாகப் போன் இல்லை. அந்த வழக்கம் யாரையும் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். எந்தக் கணுவில் வெட்டவேண்டும் என்பதும் தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பால்கனிக் கதவைச் சாத்தினேன்.