பதினோரு டப்பாவும் ஒரு வாயும்

வேன் நின்றதும் சின்னுசாமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டுகிறார். பிள்ளை ஏறும் முன் சாப்பாட்டு டப்பா அவர் கைக்கு வந்துவிட வேண்டும். மூடியை ஒற்றை விரலால் நெம்பிப் பார்க்கிறார். திறந்தால் சரி. திறக்காவிட்டால், “இது புள்ளைக்குக் குடுக்கறதுங்களா, பீரோவுல பூட்டி வெக்கறதுங்களா?” என்று திருப்பிக் கொடுக்கிறார். அடுத்த கேள்வி, “உள்ள என்னங்க தாயி?” தாய்மார்கள் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்று பதில் சொல்கிறார்கள்.

சின்னுசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து பதினோரு பிள்ளைகளைச் செம்மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் திரும்ப இறக்கிவிடுவது அவர் வேலை. ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகம் நுழையாது. பிறர் அதைப் பற்றிப் பேச வாய் திறப்பதற்குள் அவரே பேசிவிடுவார். “இது எம்பட வயிறு இல்லீங்க. பதினோரு ஊட்டுக்காரங்க சேந்து கட்டுனது.” கேட்பவர்கள் வேடிக்கைப் பேச்சு என்று சிரிப்பார்கள். அவர் சொல்வது நடந்த சங்கதி.

இரண்டு வருஷத்துக்கு முன், ஜூன் மாதம் தொடங்கியது அது. மத்தியானம் ஊருக்குப் போய்த் திரும்பினால் டீசல்தான் வீண் என்று பள்ளி மைதானத்து சில்வர் ஓக் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளும் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தாரணி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாறு ஒழுகாமலிருக்க ரப்பர் வளையம் போட்ட மூடி. அவளுடைய பிஞ்சு விரலுக்கு அசையவில்லை. சின்னுசாமி திறந்து கொடுத்தார். அவள் ராகி அடையில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். “வேண்டாம்னா புள்ளை மனசு கோணிக்குமேன்னு வாங்கிக்கிட்டேனுங்க,” என்கிறார். “என்னோட மனசு அன்னிக்குக் கோணவே இல்லை.”

ஒரே வாரத்தில், நன்றாகவே மூடி திறக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட அவரிடம் வந்தார்கள். ஆகஸ்டில் மூடிப் பேச்சே இல்லை. டப்பாவையே கொடுத்துவிட்டு விளையாட ஓடினார்கள். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் திட்டு விழும். சின்னுசாமிக்கோ சோற்றை வீசக் கூடாது என்பது கொள்கை. சாமைத் தயிர்சாதம், தினைத் தோசை, கொள்ளுத் துவையல் என்று கொள்கையை வயிறு நிறையக் காப்பாற்றினார். அவர் மனைவி கண்ணாயி கட்டிக் கொடுத்த களியும் கீரையும் தொடாமல் வீடு திரும்பின. “பசியே எடுக்கலைங்கறாரு, ஆனா சட்டை மட்டும் பத்த மாட்டேங்குது. இது என்ன சீக்குன்னே தெரியலை,” என்று கண்ணாயி அக்கம்பக்கத்தில் கவலைப்பட்டாள்.

தாய்மார்களுக்குச் சந்தோஷம். டப்பாக்கள் துடைத்து வைத்த மாதிரி வந்தன. தாரணியின் அம்மா பழனாயி, “எம்பொண்ணு ஒரு பருக்கை மிச்சம் வெக்கறதில்லை,” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மார்கழியில் பள்ளிக்கு உடல்நலப் பரிசோதனைக்காரர்கள் எடை பார்க்கும் மெஷினோடு வந்தார்கள். தாரணி ஜூனில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைவு. மற்ற பத்துப் பேரின் எடையும் நின்ற இடத்திலேயே நின்றது. டீச்சர்கள் விளையாட்டாக டிரைவரையும் ஏறச் சொன்னார்கள். அவர் நாலரைக் கிலோ கூடியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னுசாமியும் சிரித்தபடியே இறங்கினார். கழற்றிப் போட்ட செருப்பைத் திரும்ப மாட்டுவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து, “மாமாவுக்கு வயிறு செரியில்லை கண்ணு, நீங்களே தின்னுங்க,” என்றார். டப்பாக்கள் அப்போதும் காலியாகத்தான் போயின. பள்ளிக்கூடத்து நாய் ஒன்று அந்த மாதம் பளபளவென்று ஆனது.

பழனாயி மகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். எதிலும் உடம்பு தேறாததால் ஒரு நாள், “அண்ணா, சனிக்கிழமை நாமக்கல் கூட்டிட்டுப் போறீங்களா? ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்,” என்று கேட்டாள்.

மலையிலிருந்து நாமக்கல் இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே சொல்லிவிடுவது என்றுதான் சின்னுசாமி புறப்பட்டார். எதிரே பஸ் வந்தது, விட்டுவிட்டார். பத்தாவதில் குரங்குகள் குறுக்கே உட்கார்ந்திருந்தன. இருபதாவதில் வாய்க்குப் பதில் ஹாரனை அடித்தார். பின் சீட்டிலிருந்து தாரணி, “ஊசி ரொம்ப வலிக்குமாம்மா?” என்று கேட்டாள். அடுத்து ஒதுங்க இடமிருந்த வளைவில் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்தார்.

“தாயி, புள்ளைக்குப் பூச்சியுமில்லை, ஒண்ணுமில்லை. பூச்சி நாந்தான்.”

மூடி திறந்ததிலிருந்து நாய் பளபளத்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். தாரணி அழ ஆரம்பித்தாள். “மாமா கேக்கலைம்மா. நாந்தான் குடுத்தேன்.”

பழனாயி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள். “செருப்பைக் கழட்டப்போறாங்கன்னு கதவோரமா ஒதுங்கிக்கிட்டேனுங்க. அங்கயும் வயிறு எடங்குடுக்கலை,” என்று இப்போது சொல்கிறார். அவள் கேட்டதோ வேறு.

“நல்லா இருந்துச்சுங்களாண்ணா?”

சின்னுசாமிக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஏழு மாதம் செய்தது போதும் என்று விட்டுவிட்டார்.

“காலைல நல்லாத்தான் இருந்திருக்கும் தாயி. மத்தியானத்துக்கு அடை வரட்டியாட்டம் ஆயிருது. தயிர்சோறு புளிச்சுப் போயிருது. எனக்குப் பல்லு கெட்டி, தின்னுட்டேன். புள்ளை என்ன பண்ணும்?”

அந்த அடையைப் பழனாயி அடுப்படியில் சூடாகத்தான் தின்றிருக்கிறாள். மத்தியானத்தில் அது என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. “எறங்கினது எறங்கியாச்சு, டாக்டர்கிட்டக் காட்டிட்டே போவம்,” என்றாள். ரத்தம் கொஞ்சம் குறைவு, கீரையும் முட்டையும் கொடுத்து வேளைக்குச் சாப்பிட வையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். திங்கட்கிழமை பழனாயி அதே அடையை ஒரு டப்பாவில் வைத்து மிளகுத் தோட்டத்துக்கு எடுத்துப் போனாள். பன்னிரண்டரைக்குத் திறந்து ஒரு வாய் கடித்தாள். அன்று சாயங்காலமே வேனை மறித்து, “அப்ப என்னதான் வெக்கறதுங்கண்ணா?” என்று கேட்டாள்.

மற்ற பத்து வீடுகளிலும் சின்னுசாமி இதே கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சங்கீதா என்ற தாய் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை; டப்பாவைப் பிள்ளையின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஆனால் பதினோரு அடுப்படிச் சமையலும் மத்தியானத்தில் என்னவாகிறது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சங்கீதாவும் கடைசியில் வந்து கேட்டாள்.

ராகி மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து இட்லியாக ஊற்றினால் மெத்தென்று கிடக்கும் என்பார். சாமைச் சாதத்தில் பால் நிறைய விட்டு, தயிர் ஒரே கரண்டி. பிள்ளை திறக்கும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். வாழைப்பழத்தை நறுக்கினால் கறுத்துப் போகும், தோலோடு போகட்டும். அவித்த முட்டையை உரித்து, ஈரம் துடைத்து, மிளகுத்தூள் தூவ வேண்டும். எதுவானாலும் ரெண்டு வாயில் தீருகிற துண்டு. “பந்து எப்ப வரும்னு பாத்துக்கிட்டே தின்னற சோறுங்க அது. கையில புடிக்கற மாதிரி இருந்தாத்தான் உள்ள எறங்கும்.” பாராட்டினால் கூசுவார். “நாஞ் சமையக்காரன் இல்லீங்க. தின்னு கெட்டவன்.”

அது தன்னடக்கம் இல்லை. ஒருநாள் மனைவிக்கே ராகி இட்லி செய்து காட்டுகிறேன் என்று இறங்கியவர், தட்டிலிருந்து இட்லியைப் பெயர்க்க ஸ்பேனரைத் தேடினார். “ஊருக்கெல்லாம் சொல்லித் தாராரு, ஊட்ல உப்பு எந்த டப்பாவுலன்னு தெரியாது,” என்கிறாள் கண்ணாயி.

இந்த ஜூனில் மறுபடி எடை பார்த்தார்கள். தாரணி மூன்று கிலோ கூடியிருந்தாள். டிரைவர் மெஷினில் ஏற மறுத்துவிட்டார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். தாரணி மட்டும் முடிக்கவில்லை. இன்னும் இரண்டு துண்டு மரவள்ளி அடை, மேலே தேங்காய்த் துருவல். தண்ணீர் பாட்டில் வகுப்பில் இருந்தது. திறந்த டப்பாவைச் சின்னுசாமியின் பக்கத்தில் வைத்தாள்.

“மாமா, பாத்துக்குங்க. தண்ணி எடுத்துக்கிட்டு வாரேன்.”

ஓடிவிட்டாள். மரத்தடியில் வேறு யாரும் இல்லை. கண்ணாயியின் களியைத் தின்று முடித்திருந்த சின்னுசாமி டப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.