திருநெல்வேலி பிடித்த டிரான்சிஸ்டர்

தாணுமாலயனுக்கு அறுபது முடிந்த அன்று மகள் ஆர்யா செய்து வைத்த காரியம் இருக்கிறதே! எதிரியென்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். இவளோ ஆசையாகச் செய்தாள். அதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

திருவனந்தபுரம் வலியசாலை வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் உண்டு. அது பாடி வருஷக்கணக்காயிற்று. மனுஷர் ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பச்சைப் பலகை, தகர டப்பிகள், முள்ளை இழுக்கும் நூல், கறுப்புக் கம்பியில் செப்புச் சுருள். இதில் பார்க்க என்ன இருக்கு என்று மனைவி பொன்னம்மை தலையில் அடித்துக்கொள்வாள்.

இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பெட்டியில் உள்ளூர் நிலையம்தான் ஊரைக் கூட்டும். நாகர்கோவிலிலிருந்து வந்து குடியேறிய அவர் அப்பாவுக்கோ திருநெல்வேலித் தமிழ் காதில் விழாமல் சோறு இறங்காது. ஒருநாள் மூடியைத் திறந்து, சுருளை அங்கேயும் இங்கேயும் தள்ளி, திருநெல்வேலி கேட்ட இடத்தில் மெழுகைச் சொட்டவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினார். ரேகை அப்படியே பதிந்துபோயிற்று. அப்பா போனபிறகும் மெழுகில் விரல் இருந்தது.

அறுபதுக்குப் பாட வைத்துக் காட்டலாமென்று ஆர்யா அவருக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியைக் கொடுத்தது பழவங்காடி ரிப்பேர்க்காரர் சத்தியதாஸிடம். சுருள் இடம் மாறிக் கிடக்கிறதே என்று அவர் மெழுகைச் சுரண்டி எறிந்து, ஒழுங்கான இடத்தில் வைத்து, திருவனந்தபுரத்தைக் கணீரென்று பேச வைத்துவிட்டார்.

"எங்ஙனெ உண்டு, நல்லா இருக்கா அப்பா?" ஆர்யா பாயசத்தோடு வந்து ரேடியோவைப் போட்டாள்.

தாணுமாலயன் பின்மூடியைக் கழற்றினார். அவ்வளவுதான்.

"எந்தச் சவத்துப்பய இதத் தொட்டான்?"

"பாடணும்னுதானே அப்பா..."

"பாட்டுக்கு வீட்டுல போன் இல்லியா, ட்டி? எங்கப்பா விரலு இருந்துச்சு அதுல!"

"எங்கிட்ட முன்னமே ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்லா அப்பா?"

அழுதுகொண்டு உள்ளே போனவள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியுமாகத் திரும்பி வந்தாள். "உங்க விரல வையுங்க."

"என் விரலு எதுக்குட்டி? எங்கப்பா விரலு திரும்பி வந்திருமா?"

"அது உங்க அப்பா விரலு. எனக்கு என் அப்பா விரலு வேண்டாமா?"

தாணுமாலயன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். சுருளைப் பழைய இடத்துக்கே தள்ளினார். ரேடியோவில் திருவனந்தபுரம் கரகரத்து அடங்கியது.

"நல்லாப் பாடினதையும் கெடுத்தாச்சு," என்றாள் பொன்னம்மை.

ஆர்யா மெழுகைச் சொட்டவிட்டாள்.

"சுடுதுட்டி, மெல்ல!" என்று வீடு அதிரக் கத்திக்கொண்டே கட்டைவிரலை அமுக்கினார். மெழுகு இறுகும்வரை எடுக்கவில்லை.