ஒரே சாய்வில் விழுந்த முத்திரை

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில் இருபத்திரண்டு வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தினேன். இப்போது மூடிவிட்டேன். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் முட்டாளான கதை ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவன் வந்தான்.

"மேடம், மைன்ஸ் திரும்ப ஓப்பன் ஆகுது. பழைய ஒர்க்கர்ஸ் வீட்டுக்கு ஒரு வேலை. இந்த ஃபாரம் முந்நூறு காப்பி வேணும்."

மூடிய நாளிலிருந்து எங்கள் சுரங்கத்தை வாயாலேயே திறந்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். ஒவ்வொருவன் பின்னாலும் வரிசையில் நிற்க எங்களுக்கு வெட்கமே இல்லை.

ஃபாரத்தோடு 'ஒரிஜினல்' என்று சொல்லி ஐந்து அரசாங்கக் கடிதமும் காப்பி எடுக்கக் கொடுத்தான். ஐந்திலும் முத்திரை ஒரே இடத்தில், ஒரே சாய்வில். கையால் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப் அப்படி விழாது. அது கம்ப்யூட்டரில் ஒட்டிய படம். மெஷினில் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெரிய ஆர்டர். வாயை மூடிக்கொண்டு முந்நூறும் அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பிலிருந்து முனுசாமி அண்ணன் வந்தார். சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டு வைக்கும் வேலை பார்த்தவர். சர்வீஸ் சர்டிபிகேட்டை நீட்டினார்.

"ஒரு காப்பி போடும்மா. ஒரிஜினல அந்த சார் கேக்குறாரு. நேத்தே ரேகை வச்சுட்டேன்."

"இன்னா ரேகை?"

"சின்ன மெஷின்ல கட்டைவிரல வைக்கச் சொன்னாரு. ஆதார் நம்பரும் எழுதிக்கினாரு."

ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் பாங்குக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்பது கடை நடத்திய எனக்குத் தெரியும்.

"அண்ணா, அவன் திருடன். ஒரிஜினல குடுக்காதீங்க."

"உன் பையன் பெங்களூருல கம்பெனில கீறான். என் பையனுக்கு வேல வந்தா உனக்கு இன்னா கஷ்டம்?"

கடையைப் பூட்டிவிட்டு அவனைத் தேடிப் போனேன். சமுதாயக் கூடத்தில் அவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் நாற்பது பேர்.

"சார், உங்க ஐடி கார்டு ஒரு காப்பி எடுத்துக்கறேன். ஒரிஜினல் வாங்கினதுக்கு எல்லாருக்கும் கையெழுத்து போட்ட ரசீது குடுங்க."

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு வேலை கெடையாது மேடம்" என்று சிரித்தான்.

"பரவால்ல. கார்ட குடுங்க."

கூட்டம் என்னைத்தான் திட்டியது. "ஆபீசருகிட்ட இப்டியா பேசுவாங்க?" என்றார் ஒருவர். ஆபீசர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் அவன் காலி நாற்காலிக்குக் காவல் இருந்தார்கள்.

முனுசாமி அண்ணனைப் பாங்குக்கு அழைத்துப்போனேன். பென்ஷன் பணம் முழுதும் முந்தின நாளே போயிருந்தது. அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. அவருக்கும் மற்றவர்களுக்கும் அன்றைக்கே அதைச் செய்து கொடுத்தேன். போன பணம் வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அடிச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்பவே சந்தேகம் வரலியாம்மா?"

வந்தது என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திருடனை அவர் பார்த்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

தெரியாதவனிடம் ரேகை வைக்காதீர்கள், ஒரிஜினல் கொடுக்காதீர்கள். ரசீது கேளுங்கள், யோக்கியனுக்குக் கோபம் வராது. இது எல்லாருக்கும். கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பொய்யென்று தெரிந்த காகிதத்தை மெஷினில் வைத்தால், அந்தத் திருட்டுக் கூட்டத்தில் நீங்களும் ஓர் ஆள்.