கன்பியூஸ் ஆனவளுக்கு ஒரு சேர்

வேனுக்குள் ஏறியதும் புளிச்சோற்று வாசமும் மல்லிகைப்பூ வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன...

போன வருஷம், ஆடி முடிந்த சமயம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அம்மா யார் யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்த வேலைக்கு அன்றுதான் முதல் நாள்.

"இன்னைக்குப் போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாக, பாத்துக்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் இரண்டு வெள்ளை வேன்கள் நின்றன. எது நம்முடையது என்று கேட்க வேண்டும். கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேசாமல் கூட்டத்தோடு ஏறிவிட்டேன்.

இறங்கிய இடத்தில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீசன் நேரம், யாரும் என்னைக் கவனிக்கவில்லை. முத்துமாரி என்று ஓர் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். நானும் உட்கார்ந்து சங்குசக்கர டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

காலண்டர் மதியத்துக்கு மேல் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்...

டீ கொடுக்கும்போது ஆள் எண்ணினார்கள். ஒரு தலை கூடுதல்! சூப்பர்வைசர் அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, நீ எந்த ஊருப் பிள்ள? லிஸ்ட்ல உன் பேரைக் காணோமே?"

நான் மெதுவாகக் கேட்டேன்.

"காலண்டர் எப்ப வரும்?"

"ஏ ஆத்தீ! காலண்டருக்குப் போற பிள்ள நம்ம வேன்ல ஏறிருச்சு அண்ணாச்சி!" என்று முத்துமாரி அக்கா சிரித்த சிரிப்பில் எல்லாருடைய டீயும் சிந்தியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாளே வேலை போச்சு. அம்மாவிடம் என்ன சொல்வது?

சிவகாசிக்குக் கிளம்பிய லோடு ஆட்டோவில் என்னை ஏற்றிவிட்டார் அண்ணாச்சி. அக்கா ஓடி வந்து காதைக் கடித்தாள்.

"ஏ புள்ள, தெரியாம ஏறிட்டேன்னு சொல்லாத, ஏசுவாக. கன்பியூஸ் ஆயிருச்சுன்னு சொல்லு."

"அப்படின்னா என்னக்கா?"

"தெரியாமப் போறதுதான். ஆனா நமக்குத் தெரியாமப் போகும், ஆபீஸ்ல இருக்கிறவுகளுக்குக் கன்பியூஸ் ஆகும். அவுகளுக்குச் சேர் போட்டுத் தண்ணி குடுப்பாக."

வழி நெடுக மனப்பாடம் செய்தேன்.

"இதுதான் வார நேரமா?" என்றார் காலண்டர் கம்பெனி மேனேஜர்.

"கன்பியூஸ் ஆயிருச்சு சார்."

அவர் முகம் அப்படியே மாறியது. "அடடா... உக்காரும்மா. தண்ணி குடிக்கியா?"

நிஜமாகவே சேர் வந்தது. தண்ணீரும் வந்தது. சாயங்காலம்வரை காலண்டர் அட்டைக்குப் பசை தடவினேன். வேலை தப்பியது.

இப்போது எங்கள் வேனை ஹாரன் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அந்த வார்த்தைக்குத்தான் மவுசு போய்விட்டது. மூன்றாம் தடவை சொன்னபோது, "கண்ணத் தொறந்து வேலையப் பாரு" என்றார் மேனேஜர்.

போன வாரம் மொபைலில் அதற்கு அர்த்தம் தேடிப் பார்த்தேன். 'குழப்பம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அந்தச் சேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை...