தணிகாசலம் மாமாவின் ஆறாவது ரிப்பன்

என் அக்கா பாப்பம்மாளின் வீட்டுக்காரர் தணிகாசலம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடுப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் காதுகுத்து என்றாலும் அதே பச்சை உடுப்பு, கருமாதி என்றாலும் அதே பச்சை உடுப்பு. கரண்ட் ஆபீஸில் மீட்டர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனாலும் அதுதான். தொப்பை வளர வளரப் படப்பை டெய்லர் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தார். ஒரு நாள் "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்ல சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். மாமா அசரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பட்டனைப் போட்டுக்கொள்வார். அதன் பிறகு விசேஷம் முடிகிறவரை நாற்காலியில் உட்கார மாட்டார். கேட்டால், "சோல்ஜர் நின்னுக்கினுதான் இருப்பான் மச்சான்" என்பார். உட்கார்ந்தால் பட்டன் தெறித்துவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் புருஷோத்தமன். ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்க முந்நூறு பேரை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த ஒரு மனிதரை மேய்ப்பதுதான் எனக்குப் பெரிய பாடு.

வேலையை விட்டு வந்தவர்கள் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, மெடல் இருந்தால் விசேஷ நாளில் சாதாரணக் கோட்டில் குத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று அவரோடு வேலை பார்த்தவர்களே வாட்ஸப்பில் எழுதுவார்கள். மாமா அதைப் படிப்பார். ஒரு கும்பிடு பொம்மை போடுவார். மறுநாள் உடுப்பை இஸ்திரி போடக் கொடுப்பார்.

அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டாளத்தில் அவர் லாரி டிரைவர். பனியிலும் மலையிலும் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்த ரோட்டில் பதினேழு வருஷம் ஓட்டிவிட்டு உயிரோடு திரும்பி வந்ததே பெரிய விஷயம். இங்கே வந்தபின் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஏஜென்சிக்காரன் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிற காரின் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும், வெளியே போகிற பையன்களின் சாப்பாட்டுப் பையைத் தடவ வேண்டும். "வாட்ச்மேன் அண்ணே, சீக்கிரம், பஸ் பூடும்" என்று அவர்கள் கத்துவார்கள். நீலச் சட்டையைக் கழற்றியதும் பச்சைச் சட்டை மேல் ஆசை வரத்தான் செய்யும். வரட்டும். ஆனால் அந்த ரிப்பன்?

ரிப்பன் என்றால், மெடலுக்குப் பதிலாகச் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொள்ளும் கலர் பட்டைகள். வரிசைக்கு மூன்று. மாமாவுக்கு முறைப்படி கிடைத்தவை ஐந்து. இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு, மலை உச்சியில் இருந்ததற்கு என்று கொடுத்தவை. மேல் வரிசையில் இரண்டு, கீழே மூன்று. பழசாகிப் போனதால் புதுசு வாங்கப் பல்லாவரத்தில் மிலிட்டரி சாமான் கடைக்குப் போனார். கடைக்காரன், "ரெண்டு வரிசையும் நெறைஞ்சாத்தான் சார் பார்வையா கீது" என்று ஆறாவதாக ஒன்றை எடுத்துச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டான். சேர்த்தது எது? சண்டையில் வீரம் காட்டியவர்களுக்குக் கொடுப்பது. முதல் இடத்தில் அது.

அது என்னவென்று மாமாவுக்குத் தெரியும். அங்கேயே பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கண்ணாடியில் பார்த்தாராம், நன்றாக இருந்ததாம்.

ஊரில் தண்ணி லாரி வைத்திருக்கும் திருமலை அதை முதலில் கவனித்தான். "இன்னா மிலிட்டரி, புச்சா ஒண்ணு கீது? தீவிரவாதி எவனையாச்சும் புடிச்சியா?" என்று கேட்டான். மாமா, "ம்" என்றார். அவர் சொன்ன பொய் அந்த ஒரு "ம்" மட்டும்தான். மிச்சத்தைத் திருமலை பார்த்துக்கொண்டான். முதலில் ஒரு தீவிரவாதி, பொங்கலுக்குள் இரண்டு. அடுத்த ஆடித் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, நாலு பேரை வெறுங்கையால் மடக்கிய நம் ஊர்ச் சிங்கம் என்று சொல்லிப் பரிவட்டமும் கட்டிவிட்டார்கள். மாமா நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார். உட்காரத்தான் முடியாதே.

இப்படியே ஓடியிருக்கும். அவர் பெண் சுபஸ்ரீ கல்யாணப் பேச்சு வந்துதான் எல்லாம் சிக்கலாகிவிட்டது. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கிற மகாராஜா என்ற திருநெல்வேலிப் பக்கத்துப் பையனைப் பிடித்துப்போயிற்று. தங்கமான பையன். அக்கா ஒரு மாதம் அழுதாள். மாமா ஒரே நாளில் சம்மதித்துவிட்டார். காரணம் கேட்டால் பையனின் அப்பா வனமாமலையும் பட்டாளத்துக்காரராம்.

சம்மதம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. வனமாமலை துப்பாக்கி பிடித்துச் சண்டைக்குப் போனவர். ரிப்பனைப் பார்த்த மாத்திரத்தில் எது யாருக்கு எதற்குக் கொடுப்பது என்று சொல்லிவிடுவார்.

"அப்பா, நிச்சயதார்த்தத்துக்கு அந்த ஒரு ரிப்பனை மட்டும் எட்துருப்பா. அவங்கப்பா நேர்மை நேர்மைன்னு உயிரை வுடுறவரு. பொய்க்காரன் வூட்ல பொண்ணு வேணாம்னு எழுந்து பூட்டாருன்னா நான் இன்னா பண்றது?" என்றாள் சுபஸ்ரீ.

"எட்த்தா நம்ம ஊர்க்காரன் கேப்பானே, எங்க அந்த ரிப்பன்னு?"

"உடுப்பே போடாத. வேட்டி கட்டிக்கோ."

"கரண்ட் ஆபீசுக்குப் போட்டுக்கினு போனவன் பொண்ணு நிச்சயத்துக்குப் போடலன்னா ஊரு இன்னா நெனைக்கும்?"

எனக்குத் தலை வெடித்தது. போட்டால் சம்பந்தியிடம் மானம் போகும், கழற்றினால் ஊரில் மானம் போகும். இந்த வயதில் இந்த மனிதருக்கு இது தேவையா? காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று கூட என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பெண்ணின் நிச்சயத்துக்கு அப்பா காய்ச்சலில் படுப்பாராம். நான் கையில் இருந்த டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கடைசியில் உடுப்போடுதான் வந்தார், ஆறு ரிப்பனோடு. சுபஸ்ரீ மணையில் உட்காருவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். மை கலைகிறது என்று அக்கா அவளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சின்ன மண்டபம். வேனிலிருந்து இறங்கினார் வனமாமலை. ஒல்லியான ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மெடலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமா விறைப்பாகச் சல்யூட் அடித்தார். அவர் கைகூப்பினார். கண் மட்டும் மாமாவின் சட்டைப் பைக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது.

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். திருமலை விடுவானா? நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்பந்தி, உங்க அதிர்ஷ்டம் சொல்லணும். இந்த ரிப்பன் கீதே, அது சும்மா வந்ததில்ல" என்று ஆரம்பித்து நாலு தீவிரவாதிக் கதையை முழுசாகச் சொன்னான். அன்றைக்கு மலைக்குகை ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. வனமாமலை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்படியா" என்றார். திருமலையின் வாயில் அந்தக் குகையையே திணித்து அடைக்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம்.

எங்கள் பக்கத்தில், தட்டு மாற்றுவதற்கு முன்னால் சம்பந்திகள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருவர் கையிலும் மார்பிலும் ஒருவர் சந்தனம் பூசி, மாலை போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் தட்டு. தாய்மாமன் என்பதால் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். மேளக்காரர் அடித்த அடியில் அவர்கள் பேசியது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

வனமாமலை சந்தனத்தைத் தொட்டு மாமாவின் மார்புக்குக் கொண்டுபோனார். ரிப்பனுக்கு நேராக வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"பட்டாளத்துல எங்க கம்பெனியில ஒரு பயலுக்கு இது கெடச்சுது. வாங்கதுக்கு அவன் இல்ல. அவங்க அம்மை மாடத்திதான் வந்து வாங்குனா. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மேடையில இருந்து இறங்குறதுக்குள்ள ரெண்டு தடவ என்கிட்ட கேட்டா, இதுக்குப் பதிலா அவன் வந்திருக்கக் கூடாதாய்யான்னு" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ரிப்பனில் படாமல் தள்ளி, தோளில் சந்தனத்தைப் பூசினார்.

மாமாவின் கையிலிருந்த சந்தனம் தரையில் விழுந்தது. மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சுபஸ்ரீயைப் பார்த்தேன். அவள் மகாராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த ரிப்பன் என்னுது இல்ல. கவர்மெண்டு குடுக்கல. கடையில வாங்கினேன். நான் லாரி ஓட்டினவன். எவனையும் புடிக்கல. ஊரு சொல்ல சொல்லக் கேட்டுக்கினு சும்மா இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் சட்டைத்துணியும் கொஞ்சம் கிழிந்து வந்தது.

திருமலை எழுந்து கை தட்டினான்.

"பாத்தீங்களா! இதான்யா அடக்கம்! சம்பந்தி மெடல் போடாம வந்துட்டாரு, அவரு மனசு நோவக் கூடாதுன்னு தன்னுத கழட்டிட்டாரு பாரு!"

மண்டபமே கை தட்டியது. ஒரு கிழவர் வந்து மாமாவைக் கும்பிட்டார். "நெசமாத்தான் சொல்றேன்!" என்று மாமா கத்தினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இந்த ஜனங்களை என்ன செய்வது? ஒரு "ம்"முக்கு நாலு பேரை மடக்கியவர்கள், மனிதர் தொண்டை கிழியக் கத்துகிற உண்மையைக் காதிலேயே வாங்கவில்லை.

வனமாமலை மாலையை எடுத்து மாமாவின் கழுத்தில் போட்டார். "தட்ட மாத்துவோம் சம்பந்தி" என்றார். சுபஸ்ரீ அப்போதுதான் மூச்சு விட்டாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் மாமா அந்த ரிப்பனை அவரிடம் நீட்டினார். "இத்த அந்தம்மாகிட்ட குடுத்துடுங்க."

"எதுக்கு? அவ வீட்டுல இருக்குல்லா அது. இது வெறும் கடைத்துணி" என்றார் வனமாமலை. நீட்டிய கையை மாமா மெதுவாக மடக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

அன்றோடு உடுப்பைப் பெட்டியில் வைத்தார். வேட்டியில் டீக்கடைக்குப் போய், தான் லாரி ஓட்டியவன் என்று ஆளாளுக்கு விளக்கினார். முன்பு "மிலிட்டரி" என்று கிண்டலாகக் கூப்பிட்டவர்கள் இப்போது "ஐயா" என்று எழுந்து நின்றார்கள். விளக்க விளக்க மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டில் சாப்பிட மாட்டார், பேச மாட்டார். அக்கா எனக்குப் போன் செய்து புலம்புவாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஊர் முனையில் பெரிய பேனர் முளைத்தது. "எல்லைச்சாமி இல்லத் திருமண விழா." மாமாவின் பழைய போட்டோ, பனைமர உயரத்துக்கு. ஆறு ரிப்பனும் பளபளவென்று. கீழே வாழ்த்துவோர் இடத்தில் திருமலை சிரித்துக்கொண்டிருந்தான்.

மாமா பார்த்தார். நேராக வீட்டுக்குப் போய் ஏணியும் பிளேடுமாக வந்தார். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். மேலே ஏறி, போட்டோவில் அந்த ரிப்பன் இருந்த தன் மார்பிலேயே பிளேடை வைத்து அறுக்க ஆரம்பித்தார். ஷிப்ட் பஸ்கள் நின்று வேடிக்கை பார்த்தன.

திருமலை ஓடி வந்தான். "யோவ், ஆசையா வெச்சேன்யா! இன்னாத்துக்குக் கிழிக்கிற? அடக்கத்துக்கும் ஒரு அளவு கீது!"

மாமா ஏணியிலிருந்தபடியே திரும்பினார். வேட்டி காற்றில் அடித்துக்கொண்டது.

"அடக்கம் இல்லடா. இது ஒரு அம்மாவோட புள்ள. செத்துப்போன புள்ள. அந்தப் புள்ளய நெஞ்சுல குத்திக்கினு நான் ரேஷன் கடைக்குப் போனேன், திருமலை. கியூவுல முன்னால வுடுவாங்கன்னு போனேன்."

சொல்லிவிட்டுப் பேனர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, ஏணியும் ஆடியது.

திருமலை வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நாலு பேரைப் பிடித்துக் கொடுத்த வாய். எனக்கு எதிர்ப்பக்கமாக வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.