டப்பாவில் போடாத சீட்டு

என் கைப்பையின் உள் ஜிப்பில் நான்காக மடித்த ஒரு சீட்டு இருக்கிறது. நான் வேலை பார்த்த டிப்போவில், பழைய படிவம் ஒன்றிலிருந்து கிழித்தது. ஒரு பக்கம் இந்தியில் அச்சடித்த கட்டங்கள். மறு பக்கம் நீல மையில் என் கையெழுத்தில் ‘வேண்டாம்’ என்று இருக்கும். மடிப்புகள் நைந்துவிட்டன, இன்னும் இரண்டு தடவை பிரித்தால் துண்டு துண்டாகிவிடும். இது போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் நான் போட்டது வேறு சீட்டு. இத்தனை வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

அக்காவும் நானும் புனே பக்கம் தேஹு ரோடில், ராணுவத்துக்கான சாமான்களைச் சேர்த்து வைக்கும் டிப்போவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா. முதல் ஆறு மாதம் ‘நீங்க’ என்றேன், பிறகு தானாக ‘நீ’ ஆகிவிட்டது. அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கண்டோன்மென்டுக்கு வேலைக்கு வந்தவர். வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும் பொழிந்து தள்ளுவாள்; ஆனால் தமிழில் வாயைத் திறந்தால் அப்பாவின் ஊர்தான் வரும். நான் வேலூர்க்காரி. ‘என்னாக்கா’ என்று நான் இழுப்பதை அவள் கேலி செய்வாள். ‘ஏட்டி’ என்று அவள் கூப்பிடுவதை நான் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். காலையில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு டிப்போ கேட் போய்ச் சேர்வதற்குள் எங்கள் அன்றைய சண்டை ஒன்று முடிந்திருக்கும்.

எங்கள் பிரிவில் கூடாரத் துணி, கம்பளி, ரப்பர் பூட்ஸ் இவைதான். வருடத்துக்கொரு முறை கோடவுன் கோடவுனாக எண்ண வேண்டும். அதற்கென்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி கதவுப் பக்கத்திலிருந்து எண்ணுவாள், மற்றவள் பின்சுவரிலிருந்து. வாய்விட்டு எண்ணக் கூடாது. முடித்ததும் அவரவர் தொகையைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அப்புறம்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் கோடவுனைப் பூட்டிச் சீல் வைத்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் மறுநாள் காலை மறுபடி எண்ண வேண்டும்.

இரண்டாவது வருடம் ஒரு மழைக்காலத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா எழுதும்போது அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அதே தொகையை என் சீட்டில் எழுதிவிட்டேன். ஒத்துப்போயிற்று, பூட்டினோம். ஒரு மாதம் கழித்து, தூணுக்குப் பின்னால் இருந்த கம்பளிக் கட்டு ஒன்றை அவள் எண்ணாமல் விட்டது தெரியவந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. “நீ எண்ணியிருந்தா நான் விட்டது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்லா? நான் தப்பா எண்ணிருவேன்னுதான்ட்டி உன்ன என்கூட விட்டுருக்காவ” என்றாள். அன்றிலிருந்து எங்கள் தொகை ஒத்துப்போகும் போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, “எண்ணித்தான எழுதுன?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். ஒத்துப்போகாத நாட்களில் கேட்க மாட்டாள்.

அவளுடைய நோயையும் அந்த டப்பாதான் முதலில் கண்டுபிடித்தது. ஒரு மே மாதம் ரப்பர் பூட்ஸ் எண்ணினோம். இரண்டு சீட்டையும் பிரித்தால், என் தொகையைவிட அவளுடையது எங்கோ போயிருந்தது. “ராத்திரி உட்கார்ந்து நீயே பூட்ஸ் தைச்சியாக்கா?” என்று சிரித்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் முறை எண்ணும்போது அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். “ஒரு கண்ண மூடுனா சரியாத் தெரியுதுட்டி. ரெண்டையும் தொறந்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். இரண்டு வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய். ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முழுதாகப் போகாது.

அதற்குப் பிறகான வருடங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நோய் வரும், கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். ஒரு தடவை இடது காலை எடுத்துக்கொண்டது. இன்னொரு தடவை விரல்களின் உணர்ச்சியை. ரவிக்கை ஊக்கு மாட்டக் கணவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவளைக் கோடவுனிலிருந்து மேசை வேலைக்கு மாற்றினார்கள். பிஸ்கட் டப்பாவையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்துக்கொண்டாள். கைத்தடிக்கு ‘ரெண்டாவது வீட்டுக்காரர்’ என்று பெயர் வைத்தாள். “இவரு கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வாராரு, மொத ஆளு வரமாட்டாரு” என்று கணவர் எதிரிலேயே சொல்வாள், அவரும் சிரிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் கோயில் படி ஏற முடியாமல் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பாள். பாஸ்டர் ஐயர் திருவிருந்து அப்பமும் ரசமும் அங்கேயே கொண்டுவந்து கொடுப்பார். அதை மட்டும் அவளால் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சிகிச்சையைப் பற்றி அவள் கணவருக்கு யாரோ சொன்னார்கள். நோயாளியின் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கடுமையான மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியைத் துடைத்தெறிந்து, பிறகு எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுவது. நடுவில் சில வாரங்கள் உடம்புக்குக் காவல் என்று ஒன்றும் இருக்காது. டாக்டரைப் பார்க்க மூன்று பேரும் போனோம். அவர் சொல்வதையெல்லாம் விடாமல் எழுதிக்கொள்ள அக்கா என்னை உட்கார வைத்தாள். அந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். புதிய தாக்குதல்கள் நிற்க வாய்ப்பு உண்டு, ஆனால் போனது பெரும்பாலும் திரும்பாது என்றார். இதிலேயே உயிர் போவதும் உண்டு, அது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் உங்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதால் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும் என்றார். இப்போது போடும் ஊசியை மாற்றிப் பார்க்கும் வழியும் இருக்கிறது, சில மாதங்கள் பொறுக்கலாம், அவசரம் இல்லை என்றார். எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

கீழே கேன்டீனில் டீ குடித்தோம். அக்காவின் முகத்தை அத்தனை மலர்ச்சியாக நான் அதற்கு முன்னால் பல வருடம் பார்த்ததில்லை. “நிறுத்திருவாங்களாம்ட்டி. நின்னுட்டா அப்புறம் நடந்துரலாம்லா?” என்றாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே அக்கா என்று அந்த இடத்திலேயே நோட்டைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். நான் டீயில் சர்க்கரை போதவில்லை என்று எழுந்து போனேன்.

சீட்டு யோசனை அவளுடையதுதான். அடுத்த வாரம் போனில் கூப்பிட்டாள். “நம்ம கோடவுன்ல எண்ணுத மாதிரி எண்ணிருவோம். நீ தனியா, நான் தனியா. தமிழ்ல எழுதிட்டு வா, இங்க யாருக்கும் வாசிக்க வராது. ரெண்டும் ஒண்ணா இருந்தா அப்படியே செய்வோம். வேற வேறயா இருந்தா மறுபடி டாக்டரப் பாப்போம், என்ன அவசரம்?” என்றாள். நான் ஒரு வாரம் எண்ணினேன், ஒழுங்காகவே எண்ணினேன். நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்கு வந்த காய்ச்சல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவள் எதிர்பார்ப்பது கால்களை. அவர்கள் தருவதாகச் சொல்வது வேறு ஒன்றை. ‘வேண்டாம்’ என்று எழுதி, நான்காக மடித்துக்கொண்டு ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கணவர் கீழே கேட்டிலேயே நின்றிருந்தார். நல்ல மனிதர், இன்றும் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. லிஃப்டில் ஏறியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “தேகோ, பாருங்க சிஸ்டர், அவ மனசுல முடிவு பண்ணியாச்சு. பொட்டிகூட எடுத்து வச்சுட்டா. நீங்களும் ஹான்னு சொல்லிட்டீங்கன்னா அவளுக்கு ஹிம்மத், தைரியம் வரும். நீங்க இல்லன்னு சொன்னா உடைஞ்சுடுவா.” வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா குளித்து, பூப்போட்ட புதுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலின் மேல் டப்பா. ஆபீஸிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்து, “வாட்டி, கணக்குப்பிள்ள” என்று சிரித்தாள். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்னால் போனேன். பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு, பையிலிருந்த படிவத்தில் மிச்சமிருந்ததைக் கிழித்து, ‘செய்யலாம்’ என்று எழுதினேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவளே பிரித்தாள். விரல்களுக்கு உணர்ச்சி இல்லாததால் நேரம் பிடித்தது. முதலில் அவளுடையது: ‘செய்யலாம்’. கோணல்மாணலான எழுத்து, கீழே வரி தாண்டிப் போயிருந்தது. பிறகு என்னுடையது. இரண்டையும் வாய்விட்டு வாசித்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கணவர் கைதட்டினார். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எண்ணித்தான எழுதுன?”

“ஆமாக்கா.”

டப்பாவை மூடினாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஏமாற்றம்தான் என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

தனி அறையில் வைத்தார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசலாம். தலைமுடி கொட்டியிருந்தது. தினமும் காலையில் ரத்தம் எடுத்து வெள்ளணுக்கள் திரும்ப வந்துவிட்டனவா என்று பார்ப்பார்கள். “இங்கயும் தெனம் எண்ணிக்கதான்ட்டி. ஆனா ஒருத்தர்தான் எண்ணுதாரு, செக் பண்ண ஆளு இல்ல” என்றாள். அவள் என்னிடம் செய்த கடைசி வேடிக்கை அது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்து நெஞ்சுக்குள் இறங்கியது. எண்ணிக்கை ஏறுவதற்குள் அவள் போய்விட்டாள். அதே வராந்தாவில் அடுத்த அறையில் இருந்த பெண் அந்த வாரம்தான் தன் அண்ணனோடு லிஃப்ட் வரை நடந்து வீட்டுக்குப் போனாள். அதையும் நான் மறைக்கக் கூடாது. அக்கா மறுத்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை படுக்கையில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுபடி ஒரு தடவை எண்ண அவளுக்கு ஒரு வழி இருந்தது, அதை நான் பூட்டிவிட்டேன்.

போன மாதம் அவள் மகள் மகர்பட்டாவில் இருக்கும் தன் ஃப்ளாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். ஐடி வேலை, பதினோராவது மாடி, அம்மாவின் அதே நெற்றி. தேஹு ரோடு வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் பைபிளுக்குள் இரண்டு சீட்டுகள் கிடைத்தனவாம். “மம்மி ஹேண்ட்ரைட்டிங் தெரியுது ஆன்ட்டி. ஆனா எனக்குத் தமிழ் படிக்க வராது, டாடிக்கும் வராது. என்ன எழுதிருக்கு?” வாசித்துச் சொன்னேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன், லிஃப்டைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “இத்தனை வருஷம் டாடிதான் ஃபோர்ஸ் பண்ணாருன்னு நெனச்சேன். அவர்கிட்ட நான் சரியாப் பேசறதே இல்ல, ஆன்ட்டி. மம்மியே டிசைட் பண்ணிருக்கா. நீங்களும் அதே சொல்லிருக்கீங்க. போதும் ஆன்ட்டி, எனக்கு இது போதும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தாள். “நீங்க நெஜமா யோசிச்சுத்தானே எழுதினீங்க?”

பை என் மடியில்தான் இருந்தது. ஜிப்பின் மேல் விரலும் இருந்தது. நான் போன பிறகு அவள் தன் அப்பாவுக்குப் போன் செய்து, “டாடி, இந்த வாரம் வரேன்” என்று சொல்வது அதற்குள்ளாகவே என் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

“ஆமாம்மா” என்றேன்.

வீட்டுக்கு வந்து சீட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். இனி அதை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவள் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.