பன்னிரண்டு தந்திக்கு ஒரு பிக்

சவூதியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியபோது, எல்லோரையும் போலக் கம்பளியும் தைலமும் கொண்டுவந்தேன். கூடவே பன்னிரண்டு தந்தி கிடார் ஒன்றும் வந்தது.

அதை மீட்ட பிக் வேண்டும். நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. பெரம்பலூர் கடையில் கேட்டேன்.

"தடிமனா இருக்கறதா எடுத்துக்கங்க, நல்லா உழைக்கும்" என்றார் கடைக்காரர்.

செருப்பு வாங்கினாலும் பாய் வாங்கினாலும் உழைக்குமா என்று மட்டுமே பார்க்கிற பரம்பரை என்னுடையது. இருப்பதிலேயே தடிமனானதை வாங்கிவந்தேன்.

இந்தக் கிடாரில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். என் பிக்கோ ஒன்றை அடித்துவிட்டு மற்றதில் இடறி விழுந்தது. தகரக் கொட்டகை மேல் ஆடு ஓடுவது போன்ற சத்தம்.

மெல்லியதுதான் வேண்டும் என்று புரிந்ததும் வீட்டைக் குடைந்தேன். மாத்திரை அட்டை மடங்கியது. ஏடிஎம் கார்டு வளையவே இல்லை. சவூதிப் பெட்டியின் அடியில், அந்தக் காலத்தில் அங்கிருந்து ஊருக்குப் பேசுவதற்காக வாங்கி, நம்பரைச் சுரண்டிப் பயன்படுத்திய டெலிபோன் கார்டுகள் ஒரு கட்டு கிடந்தன. ஒன்றை வெட்டி மீட்டினேன். ஜோடிகள் சண்டையை மறந்து சேர்ந்து பாடின. அன்று முழுக்க நான் கிடாரைக் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து, வெட்டியது போக மிச்சமிருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பல்லாம் இந்தக் கார்டு பத்து நிமிசத்துல தானா தீந்துடும்" என்றாள். "இப்ப எப்பங்க தீரும்?"